சாத்துக்குடி அளவு ஓக் கொட்டையும் மொட்டைமாடியில் காய்ந்த பலாக்கொட்டையும்

குவெர்கஸ் இன்சிக்னிஸ் என்று ஓர் ஓக் மரம். அதன் கொட்டை, கிண்ணத்தோடு சேர்த்து அளந்தால், 8 சென்டிமீட்டர் அகலம் வரை வரும். ஒரு நல்ல சாத்துக்குடி அளவு. உலகத்தில் ஏறக்குறைய 430 வகை ஓக் மரங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய கொட்டை போடுபவை மிகச் சில. மெக்சிகோவில் தொடங்கி குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா வழியாகப் பனாமா வரைக்கும், மேகம் தவழும் மலைக்காடுகளில் துண்டு துண்டாக நிற்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.னின் சிவப்புப் பட்டியலில் இது ‘அருகிய இனம்’.

இந்தக் கொட்டையின் மாடலைச் சேலத்தில் செய்ய வேண்டி வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ‘அழிந்துவரும் உயிரினங்கள்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் புலி, மீதிப் பேர் பிணந்தின்னிக் கழுகு. இவள் எங்கேயோ இந்தக் கொட்டையின் படத்தைப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, இதை அசல் அளவுல செய்யணும், தெர்மாகோல் மட்டும் வேண்டாம்” என்று கடைக்கே வந்துவிட்டாள். நான் புத்தக பைண்டிங் கடை வைத்திருப்பவன். காகிதம், பசை, அட்டை, காலிகோ துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். இப்போது கண்காட்சி மாடல்களை ரெடிமேடாகவே விற்கிறார்கள். காசு கொடுத்தால் எரிமலை, சொட்டுநீர்ப் பாசனம், எது வேண்டுமானாலும் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவிடம் காசு இருக்கிறது என்பதைத் தவிர அந்த மாடல்கள் எதைக் கற்றுக்கொடுக்கின்றன என்று எனக்குப் புரிந்ததில்லை.

மேஜையில் மூன்று சமாச்சாரம் வைப்பதென்று முடிவானது. ஒன்று, அசல் அளவில் கொட்டை. இரண்டாவது, அது வளரும் காடு. மூன்றாவது, அந்தக் கொட்டையை ஏன் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்த முடியாது என்பதைக் காட்டும் ஒரு சோதனை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆனால் கொட்டையைப் பார்க்கத்தான் கூட்டம் வரும் என்பதும் தெரியும்.

கொட்டை

கட்டிங் மிஷினில் விழும் ஓரத்தாளையும் பழைய காக்கி உறைகளையும் சரிபாதியாகக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். செய்தித்தாளைத் தொடவில்லை. அதன் நார் குட்டை, காய்ந்தபின் விரல் பட்டாலே உதிரும். காக்கித்தாளின் நார் நீளம். அதுதான் பிடிப்புக் கொடுக்கும். காலையில் அதே தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆறியதும் பிழிந்து, பழைய மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினோம். ஒரேயடியாக ஓட்டினால் மோட்டார் சூடாகிவிடும், கூழும் மாவாகிவிடும். நமக்கு நார் கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “வெந்தயம் அரைச்சுப் போடலயா?” என்று கேட்டார். முறத்துக்கும் கூடைக்கும் காகிதமும் வெந்தயமும் அரைத்து மெழுகிய தலைமுறை அது. ஊறவைத்த வெந்தயம் ஒரு கைப்பிடி அரைத்துச் சேர்த்ததும் கூழின் குணமே மாறியது. வழவழப்பு வந்தது, கையில் ஒட்டாமல் உருட்ட முடிந்தது, காய்ந்தபின் கல் மாதிரி இறுகியது. வாசம் மட்டும் கொஞ்ச நாள் கடையை விட்டுப் போகவில்லை.

பசைக்கு மரவள்ளிக் கிழங்கு மாவு. சேலத்தில் இதற்குப் பஞ்சமே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது 1940களில் இங்கே பிடித்த தொழில், இன்றும் ஆத்தூர் பக்கம் போனால் களம் களமாக ஜவ்வரிசி காய்கிறது. மரவள்ளிக்கும் பூர்வீகம் தென் அமெரிக்காதான். நம் ஓக் நிற்கும் இடத்துக்கு அது பக்கத்து வீடு. ஒரு பங்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் எட்டுப் பங்கு வருகிற மாதிரி கொதிநீரை ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்தால் பதம். அம்மா அம்மாபேட்டை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், பாவுக்குக் கஞ்சி காய்ச்சிய கை. கரண்டியைத் தூக்கிப் பார்த்தே பதம் சொல்லிவிட்டார்.

பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கரைப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அது விஷம். அந்த வேலையை நானே செய்தேன், பிள்ளையைத் தொடவிடவில்லை. அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, பாத்திரத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியே போதும்.

ஓக் கொட்டைக்கு அடியில் ஒரு கிண்ணம் உண்டு, கொட்டை அதில்தான் உட்கார்ந்திருக்கும். அதற்கு அச்சாக ஒரு சின்னத் தேங்காயின் கொட்டாங்குச்சி கிடைத்தது. உள்வாய் 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருக்கிற மாதிரி பார்த்து எடுத்தோம், ஏனென்றால் கூழ் காயும்போது சுருங்கும். உள்ளே பாலிதீன் விரித்து, ஒரு விரல் கனத்துக்குக் கூழை அழுத்தினோம். கொட்டைக்குக் கசக்கிய காகிதத்தை நூலால் இறுக்கிச் சுற்றி, நடுவில் மணல் முடிச்சு வைத்தோம். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், காற்றுப் பந்து மாதிரி இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதன்மேல் கூழ் பூசி, கிண்ணம் ஈரமாக இருக்கும்போதே இடையில் ஒரு பாலிதீன் தாள் வைத்து அழுத்தினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திக் காயும், பிறகு தனியாகக் கழற்றவும் வரும்.

சேலம் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முதலில் இறுகி வெடிப்பு விடும். நிழலில், காற்றோட்டமாக, தினமும் புரட்டிப் போட்டுக் காயவைப்பதுதான் வழி. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

கிண்ணத்தின் வெளிப்புறம் வழவழப்பாக இருக்காது. இந்த இனத்தில் தடித்த செதில்கள் நுனி நீட்டிக்கொண்டு, சீவாத தலை போல் இருக்கும். காக்கித்தாளை முக்கோணமாக வெட்டி ஒட்டிப் பார்த்தால் உயிரில்லை. கடைசியில் பொருந்தியது தென்னை மரத்துப் பன்னாடை. அதைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி, பெவிகால் தொட்டு, கீழ்வரிசையில் தொடங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே போனாள். கண் வலிக்கிற வேலை. கொட்டைக்கு உப்புத்தாள் போட்டு, சாக்பீஸ் தூளும் பசையும் குழைத்து ஒரு பூச்சு, மேலே வெளிர்பழுப்பு போஸ்டர் கலர், வார்னிஷ். பக்கத்தில் ஒப்பிட ஒரு கொட்டைப்பாக்கு வைத்தோம். ஐரோப்பாவின் சாதாரண ஓக் கொட்டை ஏறக்குறைய அந்த அளவுதான்.

இலைக்கு ஏற்காட்டுச் சில்வர் ஓக்கின் இலையைப் பயன்படுத்தலாமே என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. அது பெயரளவில்தான் ஓக். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மரம், வேறு குடும்பம், இலை பெரணி மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும், விதையில் கொட்டை கிடையாது, இறக்கை வைத்துப் பறக்கும். விந்திய மலைக்குத் தெற்கே இயற்கையாக வளரும் உண்மையான ஓக் எதுவும் இல்லை. இந்தியாவின் ஓக் மரங்கள் இமயமலையிலும் வடகிழக்கிலும்தான். ஆகவே இலையையும் காகிதத்திலேயே வெட்டினோம். அடி குறுகி, நுனிப்பக்கம் அகன்று, ஓரம் முழுக்கப் பல் வைத்த நீள இலை. பக்க நரம்புகளை ஒன்றுக்கொன்று இணையாக தாள் மடிக்கும் எலும்புக் கருவியால் கீறி எழுப்பியதும் படத்தில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

காட்டை ஒரு புத்தகமாகக் கட்டியது

மலைச்சரிவைப் பைண்டிங் அட்டைகளாலேயே அடுக்கினோம். ஒவ்வோர் அடுக்கும் 200 மீட்டர் உயரம் என்று கணக்கு. மேலேயிருந்து பார்த்தால் வரைபடத்தின் உயரக் கோடுகள் தெரியும். ஓரத்தில் உயரம் எழுதியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத் தலைநகர் ஹலாபா ஏறக்குறைய 1,400 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். இரண்டு ஊரிலும் மூடுபனி, இரண்டு ஊரைச் சுற்றியும் காபி. அட்சரேகையில் பார்த்தால் ஏற்காடு நிகராகுவாவுக்கு நேர்கோட்டில் வருகிறது. ஓக் மட்டும்தான் அங்கே உண்டு, இங்கே இல்லை.

காபியை விட்டுவிட்டு இந்த மரத்தின் கதையைச் சொல்ல முடியாது. மெக்சிகோவின் மேகக் காடு அந்த நாட்டுப் பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் அந்நாட்டுத் தாவர வகைகளில் சுமார் 10 சதவீதம் அதற்குள் இருக்கிறது. அந்தக் காட்டுக்குப் பிடித்த உயரமும் ஈரமும்தான் அராபிகா காபிக்கும் பிடித்தது. காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டிக் காபி வைத்தார்கள், நிழலுக்கு ஓக் போன்ற பெரிய மரங்கள் தப்பின. பிறகு 1989ல் சர்வதேச காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு முறிந்து விலை சரிந்ததும், நிழல் மரத்தோடு சேர்த்துத் தோட்டத்தையே அழித்துக் கரும்புக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் மாற்றியவர்கள் ஏராளம். சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், அப்போது சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். இங்கும் சோலைக்காட்டின் இடத்தில்தான் தோட்டம் எழுந்தது. அதனால் மெக்சிகோக் கதையை விளக்கச் சேலத்துக்காரருக்கு அதிகம் பேச வேண்டியதில்லை.

இந்த மூன்று நிலையையும் எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோது தொழில் கைகொடுத்தது. சரிவின் மேல்பரப்பை மூன்று கனத்த பக்கங்களாகச் செய்து, காலிகோ பட்டை ஒட்டி, புத்தகம் போலத் திருப்புகிற மாதிரி கட்டினேன். முதல் பக்கம் காடு. காகித ஓக் மரங்கள், கிளைகளில் பாசிக்குத் தென்னை நார், பச்சைக் காகிதத்தில் மரத்தில் தொற்றி வளரும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள், ஆர்க்கிட். இரண்டாம் பக்கம், அங்கங்கே ஒரு ஓக், கீழே காபி, பழத்துக்குச் சிவப்புப் பாசிமணி. மூன்றாம் பக்கம் வெறும் புல், ஒரு வேலி, இரண்டு மாடு. மரங்கள் மடங்கி எழ வேண்டும் என்பதால் அடியில் பாப்-அப் அட்டைக்குப் போடுகிற வி மடிப்பு. இதைச் சரியாக உட்காரவைக்க எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. மரம் உயரமாக இருந்தால் பக்கம் மூடும்போது வெளியே நீட்டிக்கொள்ளும். மடிப்பிலிருந்து பக்கத்தின் ஓரம் வரை எவ்வளவு அகலமோ, அதற்குள் மரத்தின் உயரம் அடங்க வேண்டும்.

மேகத்துக்கு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மிஸ்ட் மேக்கர், 24 வோல்ட் அடாப்டரோடு வரும் வகை. தண்ணீருக்குள் ஒரு சின்ன பீங்கான் வில்லை படபடவென அதிர்ந்து புகையாக எழுப்பும். போர் தண்ணீரை ஊற்றினால் வில்லையில் உப்புப் படிந்து சீக்கிரமே மந்தமாகிவிடும். போதாததற்குச் சுற்றிலும் வெள்ளைத்தூள் வேறு. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். படிந்துவிட்டால் வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பஞ்சால் துடைத்தால் போகும், சுரண்ட வேண்டாம். வில்லைக்கு மேல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் நன்றாக எழும்புகிறது. அதிகமானால் வெறும் அலைதான்.

புகையை ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சரிவின் மேல் விட்டு, சரிவின் அடியில் ஒரு புனலும் அளவுக் குப்பியும் வைத்தோம். காட்டுப் பக்கம் விரித்திருந்தால் தென்னை நாரில் துளி கோர்த்து, கனத்து, கீழே சொட்டும். கொஞ்ச நேரத்தில் குப்பியின் அடி நனைந்துவிடும். புல் பக்கத்துக்குத் திருப்பினால் அதே புகை அப்படியே தாண்டிப் போய்விடும், குப்பியில் பேருக்கு ஈரம். மேகக் காடு மழையை மட்டும் நம்பி இல்லை, மேகத்தையே பிழிந்து குடிக்கிறது என்று இவள் விளக்கம் சொல்வதற்கு முன்பே பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது. இலையும் பாசியும் தொற்றுச்செடியும்தான் வலை. மரத்தை எடுத்துவிட்டால் வலையும் போய்விடும். கீழே சமவெளியில் காடு அழிந்து தரை சூடேறினால் மேகம் கூடும் உயரமே மேலே நகர்ந்துவிடும் என்றும் கோஸ்டா ரிக்காவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மலைக்கு ஓர் உச்சி உண்டு, அதற்குமேல் மரம் எங்கே ஏறும்?

வார்னிஷ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று கோட் அடித்தும் காலிகோ பட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பட்டையின்மேல் மெழுகு தேய்த்த பிறகுதான் நின்றது.

பலாக்கொட்டை

2020ல் வந்த உலக ஓக் சிவப்புப் பட்டியலின்படி ஓக் இனங்களில் 31 சதவீதம் அழிவு ஆபத்தில் இருக்கின்றன. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, ‘விதையை எடுத்துப் பத்திரமா வெச்சுட்டா போச்சு’ என்பதுதான். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008ல் திறந்த விதைக் கிடங்கைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே விதைகளை நன்றாக உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கிறார்கள். நெல், கோதுமை, பயறு எல்லாம் அப்படிப் பல வருஷம் தூங்கும். ஓக் கொட்டை தூங்காது. உலர்த்தினால் செத்துவிடும்.

எங்களிடம் ஓக் கொட்டை கிடையாது. ஆனால் அதே குணமுள்ள கொட்டை ஏற்காட்டில் சீசனுக்குச் சீசன் குவிகிறது. பலா! மழை கொட்டும் காட்டில் பழுத்து விழுகிற மரங்களில் நிறையவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. வறட்சிக்காகக் காத்திருக்கும் விதைகள் செடியில் முற்றும்போதே தண்ணீரை வெளியேற்றி, உள்ளே சர்க்கரையும் சில புரதங்களும் கண்ணாடி மாதிரி இறுகி, திசுவைக் காப்பாற்றும். ஈரம் எப்போதும் இருக்கும் காட்டில் விழுகிற கொட்டைக்கு அந்த ஏற்பாடு எதற்கு? அது விழுந்ததுமே முளைக்கப் பார்க்கிறது. பாதிக்குமேல் தண்ணீரோடு விழும். அந்தத் தண்ணீர் போனால் செல்லின் சவ்வு கிழிந்துவிடும், பிறகு ஊறவைத்தாலும் எழுந்திருக்காது.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் பலாக்கொட்டை வாங்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “இதுக்கு எதுக்குங்க சோதனை? காபி விதையே பழம் பறிச்ச கையோட நாத்தங்கால்ல போட்டாத்தான் ஒழுங்கா வரும். அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெச்சா பாதிகூட முளைக்காது.” அவர் சொன்னது சரிதான். விதைகளை இப்படி உலர்த்தத் தகுந்தவை, தகாதவை என்று 1973ல் பிரித்தவர் இங்கிலாந்தின் ராபர்ட்ஸ். 1990ல் அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது என்று சொன்னபோது அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் உதாரணமே காபி விதை. தோட்டக்காரர்களுக்கு அது கையிலேயே தெரிந்திருக்கிறது.

பழத்திலிருந்து எடுத்த கொட்டைகளைக் கழுவி, வழுவழுப்பான மேல்தோலை உரித்து, தண்ணீரில் போட்டு மிதந்தவற்றை ஒதுக்கினோம். ஓக் கொட்டையையும் இப்படித்தான் சோதிப்பார்கள். வண்டு துளைத்ததும் உள்ளே வற்றியதும் மிதக்கும், நல்லது மூழ்கும். மூழ்கியவற்றை நாலு பங்காகப் பிரித்தோம். ஒரு பங்கை அன்றே பையில் ஊன்றியாயிற்று. ஒரு பங்கு மொட்டைமாடியில் வெயிலில். ஒரு பங்கு பிரிட்ஜில். கடைசிப் பங்கு, ஈரமான தேங்காய் நார்க்கழிவில் புதைத்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், நிழலில். ஒப்பிட, போன வருஷப் புளியங்கொட்டையும் தட்டைப்பயறும். வெயிலில் வைத்த பங்கைத் தினமும் சமையல்கட்டுத் தராசில் நிறுத்து எடை எழுதும் வேலை அண்ணன் மகளுக்கு. எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றபோது கொட்டை சுருங்கி, குலுக்கினால் ஓட்டுக்குள் கடகடவென்றது.

எல்லாவற்றையும் ஊன்றிக் காத்திருந்ததில், அன்றே ஊன்றியது கிட்டத்தட்ட முழுசாக முளைத்தது. வெயிலில் காய்ந்தது ஒன்றுகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால் அழுகல். பிரிட்ஜில் வைத்ததில் அங்கொன்றும் இங்கொன்றும், அதுவும் வலுவில்லாமல். வெப்பமண்டலக் கொட்டைக்குக் குளிரும் ஆகாது. நார்க்கழிவில் வைத்தது டப்பாவுக்குள்ளேயே வேர் விட்டுவிட்டது. எனக்குப் பிடித்த விடை அதுதான். சாகாமல் வைத்திருக்கலாம், ஆனால் காத்திருக்கவைக்க முடியாது. புளியும் தட்டைப்பயறும் எதுவும் நடக்காத மாதிரி முளைத்தன. வெயிலில் காய்ந்ததில் ஊன்றாமல் மீந்ததை அம்மா கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டார். அந்த விதத்தில் காய்ந்த பலாக்கொட்டைக்கு எந்தக் குறையும் இல்லை.

காய்ந்து செத்த கொட்டைகள், டப்பாவிலேயே வேர்விட்டவை, பையில் நிற்கும் கன்று, எடைக் குறிப்புத் தாள் எல்லாவற்றையும் ஒரு வரிசையாக வைத்தோம். மேலே ஒரு அட்டை: ‘இந்த ஓக்கை விதை வங்கியில் வைக்க முடியாது.’ சிறிய எழுத்தில், கொட்டைக்குள் இருக்கும் கருவை மட்டும் வெட்டியெடுத்துத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைக்கும் முறையைச் சில ஆய்வகங்கள் முயல்கின்றன என்றும் எழுதினாள். அது எளிதில்லை, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. மற்றபடி இருக்கிற வழி, மரமாகவே வளர்த்து வைப்பது. தாவரவியல் தோட்டங்கள் சேர்ந்து அதைத்தான் செய்கின்றன. ஓக் மரங்களுக்கான கூட்டு முயற்சியை அமெரிக்காவின் மார்ட்டன் ஆர்போரீட்டம் என்ற மரத் தோட்டம் முன்னின்று நடத்துகிறது. அதிலும் சிக்கல் உண்டு. ஓக் மரங்கள் எல்லா வருஷமும் காய்க்காது, ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷங்களில் கையை விரிக்கும். ஒரே தோட்டத்தில் பல ஓக் இருந்தால் மகரந்தம் கலந்து, கொட்டை கலப்பினமாகிவிடும். தோட்டத்தில் காப்பது உபாயம்தான், காட்டுக்கு மாற்று இல்லை.

கண்காட்சி

எதிர்பார்த்தபடியே எல்லோரும் கொட்டையைத்தான் முதலில் தூக்கினார்கள். மணல் முடிச்சு வைத்தது வீண்போகவில்லை. கனத்தைப் பார்த்து நிஜக் கொட்டை என்றே நினைத்த ஒருவர், “எங்கம்மா வாங்குனீங்க, கிலோ என்ன விலை?” என்று கேட்டார்.

ஏன் இவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு இவள் தயாராக இருந்தாள். அடர்ந்த காட்டின் தரையில் வெளிச்சம் குறைவு. இலை சொந்தமாகச் சமைக்கத் தொடங்கும் வரை கன்றுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறுதான் ஆதாரம், அதனால் பெரிய மூட்டை. பெரிய மூட்டைக்கு ஒரு விலையும் உண்டு. காற்றில் பறக்காது, சின்னப் பறவைக்குத் தூக்க முடியாது. உருண்டு போக வேண்டும், இல்லையென்றால் கொறிவிலங்குகள் தூக்கிப்போய்ப் புதைத்து மறக்க வேண்டும். காடு துண்டானால் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி அடுத்த துண்டுக்கு யார் கொண்டுபோவது?

நடுவராக வந்த ஒரு ஆசிரியை இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்விகள். ஏற்காட்டிலேயே சூழல் ஒத்துவருகிறதே, கொட்டை வரவழைத்து இங்கே நட்டால் என்ன? இதற்குப் பதில் மண்ணில் இருக்கிறது. ஓக் வேர்கள் சில குறிப்பிட்ட பூஞ்சைகளோடு சேர்ந்துதான் சத்து எடுக்கும். வேரை உறை மாதிரி மூடிக்கொள்ளும் பூஞ்சைகள். அந்தக் கூட்டாளி இல்லாத மண்ணில் கன்று நோஞ்சானாகவே நிற்கும். மண்ணோடு கொண்டுவந்தால் வேண்டாத நோயும் கூடவே வரும், தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. தவிர, சேர்வராயன் மலையில் ஏற்கெனவே வெளியூர் மரங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

இன்னொரு கேள்வி: நம் மலையில் ஆபத்தில் இருக்கும் மரம் இல்லையா, மெக்சிகோ வரைக்கும் போக வேண்டுமா? அதற்கும் ஒரு சின்ன அட்டை வைத்திருந்தாள், யாரும் கவனிக்காத ஓரத்தில். வெர்னோனியா சேர்வராயென்சிஸ். மலையின் பெயரையே தாங்கிய சிறு மரம், சூரியகாந்திக் குடும்பம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்தைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இதன் விதை ஓக்குக்கு நேர் எதிர். உச்சியில் மயிர்க்கொத்து வைத்த துணுக்கு விதை, ஊதினால் பறக்கும். அந்த அட்டையைக் கொட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்குப் பிறகு இடம் மாற்றினோம். உண்மையிலேயே நின்று படித்தார்கள்.

பரிசு புலிக்குத்தான்.

காட்டுப் புத்தகம் இப்போது பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது, மிஸ்ட் மேக்கரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பலாக்கன்றுகளை ஏற்காட்டு நண்பர் கேட்டார். காற்றில் முறிந்த சில்வர் ஓக்குகளின் இடத்தில் வைக்கப்போகிறாராம். நிழலும் ஆச்சு, பழமும் ஆச்சு, மிளகுக்கொடி ஏற்றவும் தோது என்பது அவர் கணக்கு. கன்றுகளைப் பையிலிருந்து எடுக்கும்போது ஆணிவேர் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்கியிருந்தது. ஓக்கும் இப்படித்தான், தண்டு வெளியே தலைகாட்டும் முன்பே வேர் ஆழமாகப் போய்விடும். இந்த மாதிரிக் கொட்டைகளுக்குச் சாதாரண நர்சரிப் பை உதவாது. அடுத்த சீசனுக்கு உயரமான பையாக, ஓர் அடிக்குக் குறையாமல், சொல்லி வைத்திருக்கிறேன்.